நீட்டுக்கு டேப்லெட், ஜேஇஇ-க்கு ஜெராக்ஸ்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கடிந்துதான் பேசப்போகிறேன். நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மகள் நீட் எழுதப்போகிறாள். காகிதத்தில், பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பி எழுதும் தேர்வு அது. அவளுக்கு நாம் வாங்கித் தந்திருப்பது ஒரு டேப்லெட். அதற்குள் ஓராண்டுச் சந்தா கட்டிய ஒரு செயலி. பக்கத்து வீட்டுப் பையன் ஜேஇஇ மெயின் எழுதப்போகிறான். கணினி முன்னால் உட்கார்ந்து மவுஸைப் பிடித்து எழுதும் தேர்வு. அவனுக்கு வாங்கிக் குவித்திருப்பது மேஜை கொள்ளாத கொஸ்டின் பேங்கும் ஜெராக்ஸ் கட்டுகளும். "திரையைப் பார்த்தால் கண் கெடும், கவனம் சிதறும்" என்று சொல்லி, இருந்த லேப்டாப்பையும் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. இரண்டு வீட்டிலும் பாசத்துக்குக் குறைவில்லை, செலவுக்கும் குறைவில்லை. இந்தத் தேர்வு எதில் நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"எதில் எழுதினால் என்ன? பாடம் தெரிந்தவன் எதிலும் எழுதுவான்" என்பீர்கள். பாதி சரி. பாடம் தெரியாதவனை எந்த மவுஸும் கரையேற்றாது. ஆனால் இந்தத் தேர்வுகளில் பாடம் தெரிந்தவர்களே லட்சக்கணக்கில் உட்கார்கிறார்கள். அவர்களுக்குள் முன்பின்னைத் தீர்மானிப்பது நாலைந்து கேள்விகள்தான். விடை சரியென்றால் நான்கு மதிப்பெண், தவறென்றால் ஒன்று கழியும். அப்படியானால் நன்றாகத் தெரிந்த ஒரு கேள்விக்குக் கைதவறி வேறு விடையைக் குறித்த பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் இறங்குகிறது. அந்த ஐந்து மதிப்பெண் எத்தனை ஆயிரம் பேரைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரும் என்பதை, கவுன்சிலிங் பட்டியலைப் புரட்டிப் பார்த்த பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டியில் பழகிய பிள்ளையை ஆர்டிஓ மைதானத்தில் கியர் வண்டியைக் கொடுத்து எட்டு போடச் சொன்னால் நாமே சண்டைக்குப் போவோம். இங்கே அதையே நாம் காசு கட்டிச் செய்கிறோம்.

முதலில் எந்தத் தேர்வு எதில் என்பதைத் தெரிந்துகொள்வோம். ஜேஇஇ மெயினுக்கு 2018 வரை இரண்டு வழி இருந்தது: விரும்பியவர் காகிதத்தில் எழுதலாம், விரும்பியவர் கணினியில் எழுதலாம். 2019-இல் தேசியத் தேர்வு முகமையின் கைக்கு வந்ததிலிருந்து பி.இ., பி.டெக். படிப்புக்கான தாள் முழுக்கக் கணினியில்தான். ஜேஇஇ அட்வான்ஸ்டு அதற்கு ஓராண்டு முன்பே கணினிக்குப் போய்விட்டது. பி.ஆர்க். படிப்புக்கான தாளில் மட்டும் வரைதல் பகுதி இன்னும் காகிதத்தில் இருக்கிறது. நீட்டின் கதை வேறு. அதையும் கணினிக்கு மாற்றி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்தார்கள், ஆகஸ்டிலேயே பின்வாங்கிக்கொண்டார்கள். 2024-இல் வினாத்தாள் கசிவு பெரும் புயலைக் கிளப்பியபின், இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். கணினிக்கு மாற்றும் பேச்சு மறுபடி எழுந்தது. ஆனாலும் 2025 நீட் காகிதத்தில், ஓஎம்ஆர் தாளில்தான் நடந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வோ 2022-இல் கணினியில் தொடங்கி, 2024-இல் சில பாடங்களுக்குக் காகிதத்துக்கு வந்து, 2025-இல் மறுபடி கணினிக்கே போனது.

இதிலிருந்து தெரிவது ஒன்று. தேர்வின் வடிவம் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முகமை ஒரு தகவல் கையேடு வெளியிடுகிறது. எத்தனை கேள்வி, எத்தனை நிமிடம், காகிதமா கணினியா, எந்தப் பேனா, எந்த மொழி எல்லாம் அதில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து படித்திருக்கிறோம்? மண்டபம் பிடிக்கப் போனால் ரசீதின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறோம். பிள்ளை இரண்டு வருடம் உழைக்கும் தேர்வின் விதிமுறைக்கு மட்டும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய குரல்பதிவு போதும் என்று இருந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் உயிரியலும் கணிதமும் சேர்த்து எடுத்த பிள்ளையின் கடைசி ஐந்து மாதத்தை எண்ணிப் பாருங்கள். 2025-இல் நடந்தபடி சொல்கிறேன். ஜனவரிக் கடைசியில் ஜேஇஇ முதல் சுற்று: திரை. மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு: பக்கம் பக்கமாகக் கையால் எழுத வேண்டும். ஏப்ரலில் ஜேஇஇ இரண்டாம் சுற்று: மறுபடி திரை. மே 4-இல் நீட்: ஓஎம்ஆர். ஒரே இயற்பியலை ஒரே பிள்ளை மூன்று விதமாக எழுத வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு டேப்லெட்டை மட்டும் வாங்கிக் கையில் திணித்துவிட்டு, "எல்லாம் செய்து கொடுத்தாச்சு, இனி உன் சாமர்த்தியம்" என்று சொன்னால் என்ன நியாயம்?

ஜேஇஇ மெயின் 2025-இல் 75 கேள்வி, மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 20 கேள்விக்கு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி ஐந்துக்கு விடையை எண்ணாகத் தர வேண்டும். அந்த எண்ணைக் கீபோர்டில் அடிக்க முடியாது. திரையில் தெரியும் எண்பலகையில் மவுஸை நகர்த்தி ஒவ்வொரு எண்ணாகச் சொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளோ விரலால் தொட்டே வளர்ந்தவர்கள். போனில் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிக்கும் பையன், மவுஸைக் கையில் கொடுத்தால் அம்புக்குறி எங்கே போயிற்று என்று தேடுகிறான். டேப்லெட்டில் ஆயிரம் கேள்வி போட்டிருந்தாலும் இந்தப் பழக்கம் வராது.

அடுத்தது, திரையில் கோடு போட முடியாது. புத்தகத்தில் பழகிய கை என்ன செய்யும்? படத்தின் மேலேயே கோணத்தைக் குறிக்கும். விசைக்கு அம்பு போடும். 'தவறான கூற்று எது' என்பதில் 'தவறான' என்ற சொல்லுக்கு அடிக்கோடு இடும். ஒத்துவராத விடைகளை அடித்துவிடும். கணினி முன்னால் இது எதுவும் நடக்காது. கேள்வி எதிரே நிமிர்ந்து நிற்கிறது. கணக்கு மேஜைமேல் ரஃப் தாளில் கிடக்கிறது. கண் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திரையிலிருந்து தாளுக்கு எண்ணை இறக்கும் அந்தக் கணத்தில்தான் மைனஸ் குறி விழுந்துபோகும், பத்தின் அடுக்கு மாறிப்போகும், மின்சுற்றில் 2 ஓமும் 3 ஓமும் இடம் மாறி உட்காரும். பிள்ளைக்குச் சூத்திரம் தெரியும், வழி தெரியும், விடை வராது. வீட்டுக்கு வந்து, "தெரிந்த கணக்குதான்ப்பா, எப்படியோ தப்பாயிடுச்சு" என்று சொல்லும். நாம் உடனே, "கவனமே இல்லை உனக்கு" என்போம். கவனம் இருந்தது. பழக்கம்தான் இல்லை.

பொத்தான்களின் கதை இன்னும் மோசம். விடையைச் சொடுக்கியவுடன் அது பதிவாகிவிடாது. 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் ஓரத்தில் உள்ள கேள்வி எண்ணைத் தொட்டு வேறு கேள்விக்குத் தாவினால், சொடுக்கிய விடை சேமிக்கப்படாது. விடையளித்தது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்று குறித்தது ஊதா என்று நிறங்கள் உண்டு. விடையைச் சேமித்து, கூடவே பிறகு பார்க்கவும் குறித்தால் அது திருத்தலில் சேரும். விடை இல்லாமல் வெறும் ஊதாவாக நிற்பது சேராது. இதையெல்லாம் தேர்வு தொடங்குமுன் திரையில் வரும் விதிமுறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் படபடக்கும் நெஞ்சோடு முதல்முறை படிக்கும்போது அது மண்டையில் ஏறுமா? ஐந்தாறு முறை செய்து பார்த்திருந்தால், அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கை தானாகப் போகும்.

இப்போது நீட் பக்கம் வாருங்கள். 2025-இல் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போடுவோம். அந்த நிமிடத்துக்குள்தான் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஐந்து விநாடி என்று வைத்துக்கொண்டால் 180 வட்டத்துக்கு 900 விநாடி, பதினைந்து நிமிடம். செயலியில் விடையைத் தொட அரை விநாடிகூட ஆகாது. ஆகவே செயலியில் 175 நிமிடத்தில் முடித்துவிட்டதாகச் சொல்லும் மகள், உண்மையில் முடிக்கவில்லை. ஏறக்குறைய பத்து நிமிடம் பின்தங்கியிருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தைத் தேர்வறையில்தான் முதல்முறை தேடப்போகிறாள்.

நேரம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. திரையில் தொட்டதை மாற்றலாம். மையால் நிரப்பியதை அழிக்க முடியாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டத்தை நிரப்பினால் அது தவறான விடை, ஒரு மதிப்பெண் கழிவு. செயலியில் பழகும் பிள்ளை முதலில் தொட்டுவிட்டுப் பிறகு யோசிக்கப் பழகுகிறது. ஓஎம்ஆர் கேட்பது முடிவெடுத்துவிட்டுப் பேனாவைத் தூக்கும் பழக்கம். இரண்டும் எதிரெதிர்ப் பழக்கங்கள். செயலியில் வரிசை மாறும் ஆபத்தும் கிடையாது. காகிதத்தில் 37-ஆம் கேள்வியை விட்டுவிட்டு 38-இன் விடையை 37-இன் வரிசையில் நிரப்பிய பிள்ளை, பத்துக் கேள்வி தாண்டியபின் அதைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

செயலி கற்றுத்தரும் இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. விடையைத் தொட்டவுடன் பச்சை, தவறென்றால் சிவப்பு, கீழே விளக்கம். படிக்கும்போது இது நல்லதுதான். தேர்வறையில் அந்தப் பச்சை வராது. சரியா தவறா என்று தெரியாமலே மூன்று மணி நேரம், ஒரு கேள்வியிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டும். கேள்விக்குக் கேள்வி ஆறுதல் வாங்கிப் பழகிய மனம் அங்கே தடுமாறும். மகள் செயலியில் வாங்கும் மதிப்பெண்ணின் படத்தைக் குழுவில் போட்டு மகிழும் அப்பாக்களே, அந்த மதிப்பெண்ணுக்குள் எத்தனை பச்சை விளக்குகளின் ஆறுதல் கலந்திருக்கிறது என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

இது என் மனக்கணக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. படித்ததைப் புரிந்துகொள்வதில் காகிதம்தான் முன்னால் நின்றது; தகவல் சொல்லும் பாடங்களிலும், நேரக்கெடு வைத்துப் படிக்கும்போதும் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திரையில் படிப்பவர்கள் தமக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாக, உள்ளதைவிடக் கூடுதலாக எண்ணிக்கொள்கிறார்கள் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு.

அப்படியானால் திரையை விலக்கிவிடலாமா? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2015, 2016 ஆண்டுகளில் பார்க் என்ற பொதுத்தேர்வைச் சில பள்ளிகள் கணினியில் எழுதின, சில காகிதத்தில் எழுதின. முதல் ஆண்டில் கணினியில் எழுதிய பிள்ளைகள் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கினார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தப் பின்னடைவு கணிதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவும், ஆங்கிலத்தில் பாதியாகவும் சுருங்கியது. திரையால் வரும் இழப்பில் பெரும்பகுதி பழக்கமின்மையால் வருவது என்றுதான் இதை நான் படிக்கிறேன். பழகினால் அது குறையும். பழக விடாமல் பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும்.

ஆக, சொல்ல வருவது இவ்வளவுதான். பாடம் படிப்பது காகிதத்தில். ஒத்திகை பார்ப்பது தேர்வு நடக்கும் வடிவத்தில். இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். திரை நல்லதா கெட்டதா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்துகிறோம். தேர்வு முகமை அந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவராக வரப்போவதில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய சாக்குகள் எனக்குத் தெரியும். "கோச்சிங் சென்டர் பார்த்துக்கொள்ளும்" என்பது முதல் சாக்கு. பார்த்துக்கொள்கிறதா என்று கேட்டீர்களா? நீட் பிள்ளைகளையும் ஜேஇஇ பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, இருவருக்கும் ஒரே ஓஎம்ஆர் தாளைக் கொடுத்து வாராந்திர டெஸ்ட் நடத்துவது நடத்துபவருக்கு வசதி. உங்கள் பிள்ளைக்கு அது வசதியா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "எத்தனையாவது ரேங்க்" என்று கேட்பதற்கு முன்னால், "முழுத்தேர்வை மவுஸ் பிடித்து எத்தனை முறை எழுதியிருக்கிறான்?" என்று கேளுங்கள். நீட் என்றால், "அசல் அளவு ஓஎம்ஆர் தாளில், பேனாவால், எத்தனை முறை?" என்று கேளுங்கள்.

"வீட்டில் கணினி இல்லை, வாங்க வசதியும் இல்லை" என்பது இரண்டாவது. இதைச் சாக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல வீடுகளில் அதுதான் உண்மை. ஆனால் இதற்குப் புதுக் கணினி தேவையில்லை. அரசுப் பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால், சனிக்கிழமை அதைத் திறந்துவிடச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் நாலு பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் "பார்க்கலாம்" என்பார். நாலு பேராகப் போனால் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பார். ஊரில் பிரவுசிங் சென்டர் இருந்தால் மூன்று மணி நேர வாடகை, நாம் வாங்கிக் குவிக்கும் கைடுகளில் ஒன்றின் விலைகூட வராது. கல்லூரிக்குப் போகும் அக்கா மகனின் லேப்டாப்பில் ஒரு மவுஸைச் செருகினாலும் போதும். தேர்வு முகமை தன் இணையதளத்திலேயே மாதிரித் தேர்வை இலவசமாக வைத்திருக்கிறது. அசல் தேர்வில் வரும் அதே பொத்தான்கள், அதே நிறங்கள். பல்லாயிரம் கொடுத்துச் சந்தா கட்டுகிறோம், இலவசமாக இருப்பதைத் திறந்து பார்ப்பதில்லை.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். ஜேஇஇ மெயினும் நீட்டும் தமிழிலும் எழுதலாம். அதை விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே ஆங்கில வடிவமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி. அதனால் ஒத்திகையிலும் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் வேண்டும். தமிழில் வாக்கியம் நீளும். திரையில் இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். இதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்கிப் பழக வேண்டும்.

இனி என்ன செய்யலாம்? படிப்பும் கணக்குப் போடுவதும் எப்போதும்போல நோட்டிலும் புத்தகத்திலும் நடக்கட்டும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதிருந்து, வாரம் ஒரு முழுத்தேர்வு, அதன் சொந்த வடிவத்தில் எழுதட்டும். ஜேஇஇ காலையில் ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தொடங்குகிறது. நீட் பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்த நேரத்திலேயே உட்காரட்டும். நீட் இரண்டு மணிக்கு என்றால், சாப்பிட்ட மயக்கத்தோடு உயிரியலின் 90 கேள்வியைச் சந்திப்பதும் ஒத்திகையின் பாகம்தான். திரையில் எழுதும்போது ரஃப் தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் கேள்வி எண் போட்டுக் கட்டம் கட்டி எழுதச் சொல்லுங்கள்; திரும்பிவந்து பார்க்கும்போது தன் எழுத்தே தனக்குப் புரியும். ஓஎம்ஆரில், ஒவ்வொரு கேள்விக்கும் உடனுக்குடன் நிரப்புவதா, பக்கம் முடிந்தபின் மொத்தமாக நிரப்புவதா என்பதை இரண்டு விதமாகவும் செய்து பார்த்து, எது ஒத்துவருகிறதோ அதை முடிவுசெய்து அதிலேயே நிற்கட்டும். எல்லாவற்றையும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைப்பது மட்டும் வேண்டாம்.

தேர்வு முடிந்ததும் மறுபடி காகிதம். தவறிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் குறிக்கட்டும்: பாடம் தெரியவில்லையா, கணக்கு பிசகியதா, திரையிலிருந்து இறக்கும்போது எண் மாறியதா, சேமிக்க மறந்ததா, வட்டம் தவறியதா. முதல் இரண்டுக்கும் ஆசிரியர் வேண்டும். மற்ற மூன்றுக்கும் பழக்கம் போதும். எந்த மதிப்பெண் எதனால் போகிறது என்று தெரிந்துவிட்டால், இன்னொரு கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று நாம் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

இதில் பிள்ளை செய்ய வேண்டியது பாதி, நாம் செய்ய வேண்டியது பாதி. நம் பாதி அதிகம் செலவு வைக்காது. கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்லும், அவ்வளவுதான். அந்த மூன்று மணி நேரமும் டிவி ஓடக் கூடாது. விருந்தாளி வந்தால் வாசலிலேயே காரணத்தைச் சொல்லுங்கள். பாதியில் பூஸ்ட் கலந்து கொண்டுபோய் நீட்டாதீர்கள்; தேர்வறையில் யாரும் நீட்டப்போவதில்லை. எழுந்துவந்த பிள்ளையிடம், "எவ்வளவு வரும்?" என்று அந்த நிமிடமே கேட்காதீர்கள். மறுநாள் அந்தத் தவறு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மதிப்பெண்ணைவிட அதில்தான் நமக்குத் தெரிய வேண்டியது இருக்கும்.